பதினேழாம் படம் குறித்து என் மைத்துனருக்கு

அன்புள்ள மைத்துனருக்கு,

நலம். உன் அக்காவும் நலம். நீயும் உன் ஆய்வுக்கூடமும் நலமாகவே இருப்பீர்கள். பிறர் நிம்மதியைக் கெடுத்தவர்களுக்கு அதில் குறை வருவதில்லை.

கடலில் மிதக்கும் ஒற்றைச் செல் உயிரியான ரேடியோலேரியாவுக்குக் கண்ணாடி போன்றதோர் எலும்புக்கூடு உண்டு என்பதும், அவற்றுள் உருண்டையானவற்றை ஓட்டின் துளைகளையும் முட்களையும் கொண்டு வகைப்படுத்துவதில் எனக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்தன என்பதும் நீ அறிந்தவை. நாற்பத்தோர் இனங்களை ஒரே குடும்பமாகச் சேர்த்து நான் எழுதிய நூல் வெள்ளிக்கிழமை அச்சேற வேண்டும். இதை நினைவில் கொண்டு மேலே படி.

சென்ற மாதம் ஆறு உயிரிகளை, "முதலில் படமெடு, பிறகு டி.என்.ஏ. எடு" என்று சீட்டெழுதி உனக்கு அனுப்பினேன். நீ முதலில் நசுக்கினாய். பிறகு சீட்டைப் படித்தாய். "நன்றியுடன் திருப்பி அனுப்பப்படுகிறது" என்ற குறிப்போடு ஆறு குழாய்கள் வந்தன. நுண்ணோக்கியில் பார்த்தேன். தண்ணீர் தெரிந்தது. ஒவ்வொரு குழாயிலும் இனத்தின் பெயரை என் கையாலேயே எழுதி அனுப்பியது என் தவறு; அந்தப் பெயர்களையும் உன் டி.என்.ஏ. முடிவுகளையும் வைத்துக்கொண்டுதான் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் சாப்பிட்டபடியே, என் குடும்பம் மூன்று வெவ்வேறு கிளைகளைச் சேர்ந்தது என்று வம்சாவளி மரம் வரைந்தாய். வரைந்த இடம் என் அச்சுப்படியின் பின்பக்கம். கீழே கையெழுத்து வேறு.

"அத்தான், மிதக்கறதுக்கு உருண்டை வசதி. அதனால ஆளாளுக்குத் தனித்தனியா உருண்டை ஆயிட்டாங்க. மேல பாத்து உறவு சொல்ல முடியாது."

"அப்ப நான் வரைஞ்ச முள்ளெல்லாம்?"

"நல்லா வரைஞ்சிருக்கீங்க."

உன் அக்கா உன் தட்டில் இன்னொரு கரண்டி போட்டபடி, "அவன் பாராட்டத்தானே செய்யறான், அதுக்கு ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறீங்க" என்றாள்.

அந்தத் தாள் அப்படியே அச்சகத்துக்குப் போய்விட்டது. நேற்று பக்க அமைப்பாளர் தொலைபேசியில் பேசினார்: "பதினேழாவது படத்துக்கு நம்பர் போடாம விட்டுட்டீங்க சார், நாங்களே போட்டுட்டோம். அதைப் பாத்தாதான் சார் பாடமே புரியுது. எடுக்கணும்னா வரைஞ்சவர் எழுதிக் குடுக்கட்டும், கையெழுத்து அவரோடதாச்சே." ஆக, இவை யாவும் ஒரே குடும்பம் என்று நான் நிறுவும் அத்தியாயத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்தில், இல்லை என்கிறது உன் மரம். என்னதான் நினைச்சுக்கிட்டிருக்கே நீ? இருபத்திரண்டு வருஷம்ப்பா. ஒரு தாள் எடுத்து வரையறதுக்கு உனக்கு வேற தாளே கிடைக்கலையா?

நடை தவறியதற்கு வருந்துகிறேன். புதன்கிழமைக்குள் படத்தை நீக்கச் சொல்லி அச்சகத்துக்கு எழுது. இதைப் பற்றி நீ எழுதிவரும் கட்டுரையில் "செயற்கையான குடும்பம்" என்ற சொற்களை அடித்துவிடு. தவறினால், என் சேகரிப்பிலிருந்து இனி ஒரு முள்கூட உனக்கு வராது.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். உன் மனைவிக்கு என் அன்பைச் சொல். அவர்மீது எனக்கு வருத்தமில்லை.

இப்படிக்கு,
வேறு வழியின்றி இன்னமும் உன் அத்தான்

பி.கு.: உன்னை மறுக்க ஆதாரம் தேடி, இன்று காலை முதன்முறையாக ஓர் உயிரியின் ஓட்டை ஊசியால் உடைத்தேன். உடைந்தவற்றை நான் சேகரிப்பில் வைப்பதில்லை; ஆகவே உள்ளே பார்த்ததே இல்லை. மையத்தில் ஒரு சிறு உருண்டை இருந்தது. இரண்டாவதை உடைத்தேன்; நடுவே உருண்டையே இல்லை, ஒரு கம்பியிலிருந்து கதிர்கள் பிரிந்தன. மூன்றாவது, அந்த இரண்டையும் போல இல்லை. உன் மூன்று கிளைகளும் எலும்பிலேயே இருக்கின்றன. அச்சகத்துக்கு நீ எழுத வேண்டாம்; அத்தியாயத்தை நானே திரும்பக் கேட்டுவிட்டேன். இன்னும் முப்பத்தெட்டை உடைக்க வேண்டும். கண் சரியாகத்தான் இருக்கிறது, ஊசி பிடிக்க இன்னொரு கைதான் வேண்டும். ஞாயிறு வரை காத்திருக்காமல் வா.