கால் ஊன்றாத மாப்பிள்ளை

தையற்காரரின் வாயில் நான்கு குண்டூசிகள் இருந்தன. அதனால் கடை வாசலில் நின்ற பெரியவர் என்ன கேட்டாலும் அவரால் தலையை மட்டுமே ஆட்ட முடிந்தது.

"கம்பவுண்டரோட சிநேகிதர் நீங்கதானே?"

ஆட்டினார்.

"எங்க பொண்ணுக்கு அவரைப் பார்த்திருக்கோம். விசாரிக்க வந்தோம். பையன் குடிப்பாரா?"

'உள்ளே வந்து உட்காருங்கள்' என்று சொல்ல நினைத்து, இன்னும் பலமாக ஆட்டினார்.

பெரியவர் படியிலேயே நின்றுவிட்டார். அவருடன் வந்த அம்மாள் கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

பொத்தான் தைத்துக்கொண்டிருந்த தையற்காரரின் மனைவி பதறினாள். "ஏங்க! முதல்ல ஊசியைத் துப்புங்க!"

துப்பினார். "ஐயோ, சொட்டுக்கூடக் குடிக்க மாட்டான் ஐயா! குடிக்கிறது அவன் வண்டி. பெட்ரோல்ல ஆயிலையும் கலந்து ஊத்தினாத்தான் நகரும்."

"வண்டியா?" என்று தொடங்கினார் பெரியவர். அந்த அம்மாள் அவர் முழங்கையைத் தொட்டார். அவர் வாயை மூடிக்கொண்டார்.

கம்பவுண்டருக்கு இது நாலாவது இடம். முதல் மூன்றும் தட்டிப்போனது அந்தப் பழைய வண்டியைப் பார்த்த பிறகுதான். இதுவும் போனால், முப்பத்தைந்து வயதைத் தாண்டிய சிநேகிதன் இனிமேல் யாரையும் பார்க்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டான்.

"அதெல்லாம் இருக்கட்டும் தம்பி," என்றார் அந்த அம்மாள். "ஆள் எப்படி? நிலையா இருப்பாரா?"

"அவனா? எங்கேயும் கால் ஊன்ற மாட்டான் அம்மா!" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார் தையற்காரர்.

அவரைக் குறை சொல்லக் கூடாது. அவரும் கம்பவுண்டரும் வண்டி ஓட்டுவது பழைய மோட்டார் சைக்கிள்களுக்கான பாறை ஏறும் போட்டியில். அதில் வேகத்துக்கு வேலையே இல்லை. பாறை, சேறு, ஓடை எல்லாவற்றையும் ஆமை போலத் தாண்ட வேண்டும். ஒரு கால் தரையில் பட்டால் ஒரு மார்க் ஏறும். மார்க் ஏற ஏறத் தோல்வி. பூஜ்யம் வாங்குகிறவர்தான் ராஜா. கால் ஊன்றாதவன் என்பதைவிடப் பெரிய புகழ்ச்சி அந்த உலகத்தில் கிடையாது.

மனைவி காதைக் கடித்தாள். "கால் ஊன்றாதவன்னா வேலைவெட்டியில நிலைக்காதவன்னு அர்த்தம். மாத்திச் சொல்லுங்க!"

மாற்றிச் சொன்னார். "நான் சொன்னது போட்டியில ஐயா. போன மாசம் பாருங்க, நாள் பூரா ஓட்டி, பூஜ்யம் வாங்கினான்!"

"பூஜ்யமா?" பெரியவரின் குரல் உடைந்தது.

"முழுப் பூஜ்யம்!"

"நாள் பூராவும்... பூஜ்யம்..." பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளிறியிருந்தது.

"பூஜ்யம்னா நல்லதுன்னு சொல்லுங்களேன்!" என்றாள் மனைவி.

"பூஜ்யம்னா நல்லது ஐயா. அதுவும் புது வண்டியில இல்ல. அதுக்கு ஐம்பது வயசு. இன்னிக்கும் ஒரே உதைதான், எழுந்துடும்!"

"ஒரே உதையிலயா!" பெரியவர் தைக்க வைத்திருந்த துணிக்குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள். பாதி அவர் வாய்க்குள் போயிற்று, பாதி சட்டையில் போயிற்று.

நல்ல மனசைக் கொடுத்த கடவுள், அதே ஆளுக்கு நல்ல நாக்கையும் கொடுக்கச் சில நேரம் மறந்துவிடுகிறார். தையற்காரர் நிறுத்தியிருக்கலாம்.

"மெக்கானிக் செலவே கிடையாது ஐயா. சாப்பாட்டு மேசை மேலேயே கியர்பாக்ஸைப் பிரிச்சுப் போட்டு, பல்லு பல்லா பிரஷ் போட்டுத் தேய்ச்சு, அவனே மாட்டிடுவான்."

"சாப்பாட்டு மேசையிலயா?" பெரியவர் திடுக்கிட்டுத் திரும்பித் தம் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் கூரையைப் பார்த்தார்.

"முடிஞ்சது," என்று முணுமுணுத்தாள் தையற்காரரின் மனைவி. "நாலாவது இடமும் போச்சு. உங்க வாயிலயே ஒரு பொத்தானைத் தைச்சிருக்கணும்."

தையற்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வாழ்க்கையில் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்:

"ஆனா ஐயா, அதெல்லாம் பழைய கதை. அந்த வண்டியைப் போன வாரமே வித்துட்டான்."

பெரியவர் துள்ளி எழுந்தார். "வித்துட்டானா?"

"ஆமா ஐயா. இனிமே வண்டி வாசனையே கிடையாது."

"வித்துட்டானாமே!" தம் மனைவியின் பக்கம் திரும்பினார். "கிளம்பு. இந்த இடம் நமக்கு வேண்டாம்."

தையற்காரர் தலையைச் சொறிந்தார். உண்மை சொன்னால் மயக்கம் வருகிறது, பொய் சொன்னால் கோபம் வருகிறது, இந்த மனிதருக்கு என்னதான் வேண்டும்? ஆனால் பொய் அவர் தொண்டையில் குண்டூசியாகக் குத்தியது. ஓடிப்போய் வாசலை மறித்தார்.

"ஐயா, மன்னிச்சுடுங்க. பொய் சொல்லிட்டேன். வண்டியை விக்கல, விக்கவும் மாட்டான். இந்த மாசப் போட்டி அன்னிக்கு என் வண்டியோட கார்புரேட்டர் விரிசல் விட்டுடுச்சு. இந்த வண்டிங்களுக்கு இப்போ சாமான் எங்கேயும் கிடைக்காது. நான் தலையில கை வச்சு உட்கார்ந்துட்டேன். அவன் பேசாம தன்னோடதைக் கழட்டி எனக்கு மாட்டிவிட்டான். ஜெயிக்க வேண்டியவன், வெயில்ல நின்னு மத்தவங்களுக்கு மார்க் எழுதினான். வண்டியைப் பார்த்து அவனைத் தள்ளிடாதீங்க. உங்க பொண்ணை அவன் கண்கலங்க விட மாட்டான்."

பெரியவர் தையற்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். உதடு துடித்தது. கண்ணில் நீர் நிறைந்தது. ஒரு கையை எடுத்துத் தம் நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

தையற்காரரின் மனைவி பயந்துபோய் அந்த அம்மாளிடம் ஓடினாள். "அம்மா, ஐயாவுக்கு நெஞ்சுவலியா? டாக்டரைக் கூப்பிடட்டுமா?"

அந்த அம்மாள் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார்.

"டாக்டரெல்லாம் வேண்டாம்மா, இதே மாதிரி வண்டியை முப்பது வருஷமா ஓட்டியும் ஒரு தடவைகூடப் பூஜ்யம் வாங்காத மனுஷன் இவரு, வண்டிப் பேச்சே எடுக்க மாட்டேன்னு சத்தியம் வாங்கிக்கிட்டுத்தான் கூட்டிட்டு வந்தேன்."