யார் சொல்லியும் கேட்காத கணையம்

“சர்க்கரை இருநூத்தி எண்பது,” என்றார் கால்நடை டாக்டர்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் மேசையைப் பிடித்துக்கொண்டார். மனைவி ஊருக்குப் போகும்போது அவரை நம்பி விட்டுப்போன பூனை. இரண்டு நாளாகத் தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகரவில்லை. மாலை ஆறு மணிக்கு மனைவி வந்துவிடுவாள்.

“பதறாதீங்க. பயந்தா அட்ரினலின் சுரக்கும். அது கணையத்துக்குப் போய், ‘இன்சுலினை வெளிய விடாதே’ன்னு சொல்லிடும். சர்க்கரை தானா ஏறும். பூனைங்களுக்கு இது சகஜம். வீட்டுல அமைதியா இருக்கறப்போ பாருங்க.”

சோதனைக் கருவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த கடைக்காரர், பூனையை அமைதியாக்கத் துண்டில் சுற்றினார். அது துண்டையும் கிழித்தது, அவர் முழங்கையையும் கிழித்தது. காது நுனியில் ஒரு குத்து. முந்நூற்றுப் பத்து!

போனில் அலறினார். “டாக்டர், ஏறிடுச்சு!”

“கத்தாதீங்க, அது மிரளும். சாப்பாட்டு வாசனை காட்டுங்க. வாசனை பட்டாலே மூளை நரம்பு வழியா கணையத்துக்குச் சேதி அனுப்பும். கொஞ்சம் இன்சுலின் வரும்.”

மீன் டப்பாவைத் திறந்து தூரத்தில் நின்று ஆட்டினார். பூனை பாய்ந்து டப்பாவைக் கவ்விக்கொண்டு பீரோவுக்கு அடியில் புகுந்து, நக்கித் தீர்த்துவிட்டுத்தான் ஓய்ந்தது. துடைப்பத்தால் தள்ளி வெளியே எடுத்தார். முந்நூற்று அறுபது.

டாக்டர் குரலே மாறிவிட்டது. “சாப்பிட்டா குடல்லேர்ந்தும் ஒரு ஹார்மோன் போய் இன்சுலினை விடச் சொல்லுமே! இந்தக் கணையம் யார் சொல்லியும் கேக்காது போலிருக்கே?”

“எங்க வீட்ல யார் சொன்னாலும் கேக்கறது நான் ஒருத்தன்தான், டாக்டர்!”

மணி ஐந்தே முக்கால். தரையில் உட்கார்ந்து பூனையைக் கும்பிட்டார். “தாயே, அவ வர்ற வரைக்குமாவது தாங்கு.” அது அவர் கட்டைவிரலைக் கடித்தது.

அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தார்.

மனைவி இல்லை. போன வாரம் மாடிக்குக் குடிவந்த தையல்காரர். பூனையைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

“அப்பாடா! உங்க பூனை எங்க வீட்டு மெத்தையில தூங்குது சார். ரெண்டும் ஒரே நிறம், மாறிப்போச்சு. இது எங்களோடது, இன்சுலின் போடணும்னு ரெண்டு நாளா ஊசியும் கையுமா தேடிட்டிருக்கோம்!”