ஒரு சைஸ் அண்ணனும் நாவுல மோட்டரும்

மாத்தளை டவுனில், கேட்டதைக் கொடுக்காமலே வியாபாரம் செய்த ஒரே மனிதர் எங்கள் ஒரு சைஸ் அண்ணன்தான். நான் பில் எழுதிய மின்சாமான் கடையில் அவர் வயர் பக்கம். யார் எந்த வயர் கேட்டாலும், "ஒரு சைஸ் கூட்டிப் போடுங்க" என்பார். அவருடைய சொந்தப் பெயர் முதலாளிக்கே மறந்துபோயிருந்தது. செருப்பும் ஒரு சைஸ் பெரிசு. அண்ணன் கடைக்குள் வந்து சற்றுப் பொறுத்துத்தான் செருப்பு வந்து சேரும்.

ஒருநாள் நாவுலயிலிருந்து மரக்கறித் தோட்டக்காரர் ஒருவர் வந்தார். ஆற்றங்கரையில் மோட்டர், மேட்டில் வீடு. வீட்டிலிருந்தே மோட்டரைப் போட வேண்டும். மோட்டர் சூடேறினால் வீட்டில் சிவப்பு லைட் எரிய வேண்டும்.

"எல்லாத்துக்கும் சேத்து ஒரே கேபிளா குடுங்க."

"ஏங்க, சந்தையில கூவுறவன் பக்கத்துல உக்காந்து ரகசியம் பேசுவீங்களா? கரண்டுக்குத் தடிப்பா ஒண்ணு. தூரம் போகப்போக கரண்ட் களைச்சிரும். சேதி வர்றதுக்கு, தகடு சுத்துன சின்னது ஒண்ணு. ரெண்டையும் தள்ளித் தள்ளிப் போடணும்."

"அப்ப நீங்களே வந்து போட்டுக் குடுங்க" என்று தோட்டக்காரர் எழுந்து போய்விட்டார். மறுநாள் காலை இரண்டு சுருளோடு பஸ் ஏறினோம். துணைக்கு நான்.

சண்டைக் காலம். நாவுலவுக்கு முன்னால் செக் பொயின்டில் எல்லாரையும் இறக்கினார்கள். ஒரு சிப்பாய் சுருளைக் காட்டி, "மேக்க மொக்கத?" என்று கேட்டான். இது என்ன என்றுதான் கேட்டான். கேபிள் என்று சொல்லியிருந்தால் போதும்.

அண்ணன் நல்ல சிங்களத்தில் விளக்கினார். "தூரத்துல ஒரு மோட்டர் இருக்கு தம்பி. வீட்டுல இருந்துகிட்டே இது வழியா சிக்னல் குடுப்போம்."

அந்த நாட்களில் மோட்டர் என்றால் குண்டு எறிவதுதான் ஞாபகம் வரும், தண்ணீர் இறைப்பது யாருக்கும் வராது. வரிசையில் எங்கள் பின்னால் நின்றவர்கள் ஆளுக்கு நாலடி விலகினார்கள். நான் அவர் முழங்கையைக் கிள்ளினேன்.

"இருடா, அவனுக்கு இன்னும் வெளங்கல."

சுருளோடு அவரை முகாமுக்குள் கூட்டிப்போனார்கள். என் அடையாள அட்டையைத் திருப்பித் தந்து, போகலாம் என்றார்கள். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸும் போனது. உள்ளே போனவர்கள் எல்லாரும் வெளியே வந்த காலமில்லை அது. ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்திருந்தேன்.

பொழுது சாயும்போது வந்தார். இரண்டு கையிலும் கிறீஸ். முகத்தில் கடுங்கோபம்.

"அடிச்சாங்களாண்ணே?"

"அடிக்கிறதா? முகாம் பெரியவர்கிட்ட மொதல்லேருந்து வெளக்குனேன். அவங்க கெணத்து மோட்டர் ரெண்டு தடவ எரிஞ்சு போச்சாம். போய்ப் பாத்தா, தலமுடி மாதிரி வயரு! எவன்டா வித்தான் இத?"

பிறகுதான் என்னை நன்றாகப் பார்த்தார்.

"ஒன்னய போகச் சொன்னாங்கள்ல? ஏன் உக்காந்திருக்க?"

"கேபிளப் பாத்துக்கத்தாண்ணே" என்றேன்.

கேபிள் இரண்டும் அவர் தோளில்தான் கிடந்தன.