பேக்ரவுண்டு பாய்

கொருக்குப்பேட்டை ஆடுமாடுகளில் பாதி, வெளிநாடு பார்த்தவை. அனுப்பி வைத்தவர் எங்கள் பேக்ரவுண்டு பாய்.

ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் அவருடைய ஸ்டூடியோ. ஆடோ சேவலோ, போனில் படம் எடுத்துக்கொண்டு போனால் போதும். பின்னாலிருக்கும் குப்பைத்தொட்டியைக் கம்ப்யூட்டரில் துடைத்துவிட்டுப் பனிமலையை நட்டுவிடுவார். எங்கள் வீட்டுப் பூனை ஈஃபில் கோபுரத்தின் முன்னால் பாரிஸையே விலைபேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மனிதர்களுக்கு மட்டும் செய்ய மாட்டார்.

"மனுசன் டிக்கெட் எடுத்தா பூடுவான். எருமையை யாரு மாமு ஏரோப்ளேன்ல ஏத்துவான்?"

பழைய படத்தை உடனே அழித்தும் விடுவார். "கலீஜை எதுக்கு வெச்சிக்கினு?"

ஒரு மழையில் சடையங்குப்பத்துக்குள் வெள்ளம் புகுந்தது. தனியாக வாழும் மாரியக்காவுக்குப் பேச்சுத்துணையாக இருந்த நாய் ராசு காணாமல் போனது. அக்காவின் போனும் தண்ணீரோடு போயிற்று. மிஞ்சியது, பாய் எப்போதோ செய்து கொடுத்த சுவிட்சர்லாந்து படம்தான். அதையே நோட்டீஸாக அடித்து, நானும் பாயும் திருவொற்றியூர் வரைக்கும் ஒட்டினோம்.

போன்கள் வந்தன. "இன்னா ஜாதி நாய் நைனா? குட்டி கெடைக்குமா?"

அக்கா நேராகக் கடைக்கே வந்துவிட்டார். "பனிக்கு மேச்சா இருக்கணும்னு என் நாயையே வெள்ளையாக்கிக்கீறியே பாய்! எவனுக்கு அடையாளம் தெரியும்? அது எங்க வூட்டு வாசல்ல, சேத்துல பொரள்ற நாய் பாய்!" சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

பாய் கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் சடையங்குப்பம் போய், அக்கா வீட்டு வாசலைப் படம் எடுத்து வந்தார். பெயர்ந்த சுவர், உடைந்த நீல டிரம், எதையும் துடைக்கவில்லை. பனிமலைப் படத்திலிருந்து ராசுவை வெட்டியெடுத்து அந்த வாசலில் நிறுத்தினார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் பழுப்பு பாய்... காதாண்ட கறுப்பு" என்று சொல்லச் சொல்ல, நாய் மெல்லத் தன் நிறத்துக்குத் திரும்பியது.

புது நோட்டீஸ் ஒட்டியதும் கூட்ஸ் யார்டு லோடுமேன் ஒருவர் கூப்பிட்டார். "ஒங்க நாய் இங்கதாங்கீது. எங்க சோத்தைத் துன்னுக்கினுகீது."

ராசுவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அக்கா கடைக்கு வந்தார். புதுப் படம் வேண்டுமாம். பாய் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "பின்னாடி இன்னாக்கா வெக்கட்டும்? லண்டனா?"

"நீ போய் நில்லு பாய்."

கேமரா என் கைக்கு வந்தது. வாலை ஆட்டிய ஆட்டத்தில் ராசு படத்தில் மங்கலாகிவிட்டது. பின்னால் பாய் மட்டும், ஈரம் காயாத கண்ணோடு, தெளிவாக நிற்கிறார். நான் எடுத்த படங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.