தையல் மிஷின் சொன்ன விடைகள்

வக்கீலாகாமல் கண்ணை மூடுவதில்லை என்று ஓய்வு பெற்ற மறுநாளே சபதம் செய்தவன் நான். சட்டக் கல்லூரி என்னைத் தாங்கிக்கொண்டது. வக்கீல் உரிமத் தேர்வுதான் தாங்கவில்லை. நாலு விடை கொடுத்து ஒன்றைத் தொடச் சொல்வார்கள். நாலும் என்னைப் பார்த்துச் சிரிக்கும். இரண்டு தடவை கவிழ்ந்தாயிற்று. மூன்றாவதும் கவிழ்ந்தால் ஊரே சிரிக்கும். வாசலில் ‘வக்கீல்’ பலகையை வேறு அவசரப்பட்டு மாட்டித் தொலைத்திருந்தேன்.

என் மனைவி தையல்காரி. மிஷினை மிதித்தபடியே கேள்விப் புத்தகத்தை எனக்கு வாசிப்பாள். அப்போதுதான் கவனித்தேன். சரியான விடை வரும்போது அவள் கால் ஒரு நொடி நிற்கும். கடகடவென்று ஓடும் மிஷின் மூச்சைப் பிடிக்கும்.

சட்டத்தை விட்டேன், காலைப் பிடித்தேன். தினமும் நூற்றுக்குத் தொண்ணூறு. நீதிபதிகள் யோசனை கேட்டு வந்தால் எங்கே உட்கார வைப்பது என்றுகூடக் கவலைப்பட்டேன்.

தேர்வுக்கு முந்தின நாள் மத்தியானம் கடைசி ஒத்திகை. மிஷின் நின்ற இடத்திலெல்லாம் துணிந்து டிக் அடித்தேன். அவள் திருத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

“பூஜ்யம்.”

“பதட்டம்மா” என்றேன்.

“ஒண்ணும் தெரியாதவன் கண்ணை மூடிட்டுத் தொட்டாக்கூட இருபத்தஞ்சு வருமேங்க. எல்லாமே தப்பாகணும்னா யாரோ உதவி பண்ணியிருக்கணும். யாரு?”

குறுக்கு விசாரணை.

“உன் காலு” என்றேன். “இன்னிக்கு வேணும்னே தப்புல நிறுத்தினியா?”

“ஆமா.”

“அடிப்பாவி, விடிஞ்சா பரீட்சை. அங்க உன் காலுக்கு நான் எங்க போவேன்?”

அவள் மிஷினை மூடினாள். எதிரே நாற்காலியைப் போட்டுக் கல்லு மாதிரி உட்கார்ந்தாள். அதே கேள்விகள், மறுபடி.

“ஒருத்தர் ஒப்பந்தம் பேசுறாரு. எதிராளி வாயே திறக்கல. அது சம்மதமா?”

“இல்ல. வாயால சொல்லணும், இல்லேன்னா நடந்து காட்டணும்.”

எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அடுத்ததும் வந்தது. வியர்வை கொட்டக் கொட்ட விடையும் கொட்டியது. எழுபத்தெட்டு.

“எப்படிடீ?”

“புத்தகத்தைத் தொட்டாலே தூங்குற ஆளு நீங்க. மிஷின் எப்ப நிக்கும்னு ஒரு வார்த்தை விடாம கேட்டீங்கல்ல?”

“அப்ப, தெரிஞ்சுதான் நிறுத்தினியா?”

“பின்ன? ஓடுற மிஷினை எதுக்கு நிறுத்துவேன்?”

தேர்வில் தேறிவிட்டேன். ஊரே பாராட்டுகிறது. எனக்குத்தான் ஆறவில்லை. காப்பியடிக்கப் போன மனுஷனை, ஒரு வார்த்தை கேட்காமல் படிக்க வைத்துவிட்டாளே.