இரண்டு விரல் அகல மஞ்சள் கோடு

மதிப்பும் அன்பும் மிகுந்த மாமாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா, அத்தையின் இருமல் நின்றதா என்று அறிய ஆவல். அம்மா உங்களை மிகவும் விசாரித்ததாக எழுதச் சொன்னாள். பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு என்ன எழுதுகிறாய், என்ன எழுதுகிறாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அதனால் இந்த முதல் பத்தியை மட்டும் அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டேன். இனி வருவது உங்களுக்கு மட்டும்.

முதலாளி உங்களுக்குப் போன் செய்வார். அவர் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். இந்த வேலை உங்களால் கிடைத்தது. நேர்முகத் தேர்வுக்கு என்னோடு நீங்களும் உள்ளே வந்து, உங்கள் பள்ளித் தோழரான முதலாளி கேட்ட எல்லாக் கேள்விகளுக்கும் நீங்களே பதில் சொன்னீர்கள். என் பெயரைக்கூட நீங்கள்தான் சொன்னீர்கள். கடைசியில் அவர், "பொண்ணு பேசுமா?" என்று கேட்டதற்கும், "ரொம்ப நல்லா பேசும்ப்பா" என்று நீங்களே பேசினீர்கள். ஆறு மாதம் பார்க்கலாம், சரிப்பட்டால் நிரந்தரம் என்றார். அந்த ஆறு மாதம் நேற்றோடு முடிந்தது. அது எப்படி முடிந்தது என்பதுதான் இந்தக் கடிதம்.

அம்மா தெருவில் எல்லோரிடமும் நான் கார் கம்பெனியில் ஆபீசர் என்று சொல்லிவைத்திருக்கிறாள். நம் வீட்டில் முதல் பட்டதாரி, அதுவும் ரசாயனப் பட்டம், அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் உண்மையில் நான் போல்ட் குளிப்பாட்டுகிறேன் மாமா. ஐம்பது அறுபது வயதான கார்களை எங்கள் பட்டறைக்குக் கொண்டுவருவார்கள். சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம், ஸ்பிரிங், அவற்றைப் பூட்டும் போல்ட் எல்லாம் துருவேறி வரும். துருவைப் போக்கி, அந்தக் கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அன்று என்ன பூச்சு இருந்ததோ அதே பூச்சைத் திரும்பக் கொடுக்க வேண்டும். போல்ட்டுக்குத் துத்தநாகப் பூச்சு; தொட்டியிலிருந்து தூக்கும்போது மழை நின்ற ரோட்டில் சிந்திய எண்ணெய் மாதிரி மஞ்சளும் பச்சையும் ஊதாவுமாக மினுங்கும், அதைப் பார்க்கவே நான் அரை மணி முன்னதாக வேலைக்குப் போவேன். ஸ்பிரிங்குக்குக் கறுப்பு, பெயின்ட்டில் முக்கித் தூக்கித் தொங்கவிட வேண்டும். அடியில் வடிந்து உறைந்த சொட்டு இருந்தால்தான் அசல், ஏனென்றால் தொழிற்சாலையில் சொட்டைத் துடைக்க யாருக்கும் நேரமில்லை. அதாவது அழகாகச் செய்தால் தப்பு. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் யாரையும் கேட்கவும் இல்லை. கேட்பதற்கு வாயைத் திறக்க வேண்டுமே.

எங்கள் ஊர்ப் பல் டாக்டர் ஒருவர் தன் பழைய காரைக் கொண்டுவந்தார். பழைய கார்ப் போட்டிக்கு அனுப்பப் போகிறார். மனிதர் பல் பார்க்கும் அந்தக் குட்டி வட்டக் கண்ணாடியைச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பார். காருக்கு அடியில் நீட்டி ஒவ்வொரு போல்ட்டாகப் பார்ப்பார், கூடவே "ம்… ம்… இங்க கொஞ்சம் அரிச்சிருக்கு" என்பார். காரில் மற்றதெல்லாம் துருப்பிடித்திருந்தாலும் முன்பக்க வலது ஆர்ம் மட்டும் எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் அசல் கறுப்போடு பிழைத்திருந்தது. "இதை மட்டும் ஒண்ணும் பண்ணிடாதீங்க, பிசுக்கை எடுத்தாப் போதும்" என்று டாக்டர் முதலாளியிடம் சொன்னார். முதலாளி பெயின்டரிடம் சொன்னார். பெயின்டர் என்னிடம், "தங்கச்சி, இதைச் சுத்தம் பண்ணு" என்றார். சொல் மூன்று வாய் மாறுவதற்குள் பாதியாகிவிட்டது.

நான் சுத்தம் செய்தேன் மாமா. பிசுக்கை எடுத்தால் உள்ளே குறுக்காக ஒரு மஞ்சள் தீற்றல். யாரோ பிரஷ்ஷை உதறிய மாதிரி இருந்தது. இவ்வளவு நல்ல கறுப்பின்மேல் இப்படி ஓர் அசிங்கமா என்று, கறுப்பு போகாமல் மஞ்சள் மட்டும் போகும்படி, பெயின்ட் கரைக்கும் தின்னரைப் பஞ்சில் தொட்டுத் தொட்டு மூன்று மணி நேரம் துடைத்தேன். கல்லூரிப் பரிசோதனைச் சாலையில்கூட நான் இவ்வளவு கவனமாக இருந்ததில்லை. வேலை முடிந்ததும், பெருமையாக, எல்லோர் கண்ணிலும் படும்படி மேஜைமேல் வைத்துவிட்டு ஓரமாக நின்றேன். யாராவது ஒரு வார்த்தை பாராட்டினால் போதும் என்று இருந்தது.

டாக்டர் வந்தார். கண்ணாடியை நீட்டினார். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். பிறகு கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி நீட்டினார்.

"என் மஞ்சக் கோடு எங்க?"

"என்ன மஞ்சக் கோடு சார்?" என்றார் முதலாளி.

"என்னய்யா இப்படிக் கேக்கறீங்க? தொழிற்சாலையில போல்ட்டை முறுக்கிட்டு, சரி பார்த்தாச்சுன்னு அடையாளம் போடுவாங்கள்ல, அது! இருபது வருஷமா பொத்திப் பொத்தி வெச்சிருக்கேன். அதுக்குத்தானே இந்த ஆர்மைத் தொடாதீங்கன்னேன்!"

எல்லோரும் பெயின்டரைப் பார்த்தார்கள். பெயின்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து, பல் போன நோயாளி மாதிரி கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். முதலாளி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. என்னைத் தனியே கூப்பிட்டு மெதுவாக, "போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்மா. அடிப்பக்கத்துல மார்க் போச்சுன்னா, ஆறு மாசத்தோட நிறுத்திக்கலாம். உன் மாமாகிட்ட நான் பேசிக்கறேன்" என்றார். வேலை போவதுகூடப் பெரிதில்லை மாமா, அம்மா தெருவில் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கிச் சொல்லிவைத்திருக்கிறாளே, அதை எப்படித் திரும்ப வாங்குவது?

என் நோட்டை எடுத்து அவரிடம் நீட்டினேன். கல்லூரியில் பழகிய பழக்கம், எதைத் தொட்டாலும் தொடுவதற்கு முன் எப்படி இருந்தது என்று எழுதிவிடுவேன். அவர் உரக்கப் படித்தார். "அழுக்கு எண் நாலு. நிறம் மஞ்சள். அகலம் இரண்டு விரல். நீளம் ஒரு சாண். இடமிருந்து வலமாகச் சாய்வு. முடிவில் மூன்று சொட்டு. நடுவில் ஒட்டிய பிரஷ் மயிர் ஒன்று."

டாக்டர் நிமிர்ந்தார். "அழுக்குன்னா எழுதியிருக்கா?"

"ஆமா சார். ஆனா அளவெல்லாம் கரெக்டா எழுதியிருக்கா."

"அப்ப திருப்பிப் போடுங்க. மயிரோட!"

அங்கேதான் அடுத்த சிக்கல் வந்தது. எங்கள் பெயின்டருக்குப் பட்டறையில் 'கண்ணாடி அண்ணன்' என்று பெயர். அவர் அடித்த கதவில் முகம் பார்த்துத் தலை வாரலாம். அவரை மோசமாக ஒரு கோடு போடச் சொன்னால் எப்படிப் போடுவார்? பழைய தகடு ஒன்றில் பழகிப் பார்த்தார். முதல் கோடு கோலால் இழுத்த மாதிரி வந்தது. இரண்டாவதில் சொட்டு விழப் போனது, அவர் கட்டைவிரல் தானாகப் போய்த் துடைத்துவிட்டது. இடது கையால் போட்டார். அதுவும் அழகாகவே வந்தது, இடது கையும் அவருடைய கைதானே. கண்ணை மூடிக்கொண்டு போட்டார். இன்னும் அழகாக வந்தது.

"ஏம்ப்பா, முப்பது வருஷமா பெயின்ட் அடிக்கறே, ஒரு கோட்டைக் கேவலமாப் போடத் தெரியாதா உனக்கு?" என்று முதலாளி கத்தினார்.

"தெரியல சார், மன்னிச்சுக்கங்க" என்றார் கண்ணாடி அண்ணன், நிஜமாகவே வருத்தத்தோடு. பதினோராவது தகட்டில் பிரஷ்ஷை என் கையில் கொடுத்துவிட்டார். "தங்கச்சி, துடைச்சது நீ, போடுறதும் நீயே போட்டுடு. என் பேரைக் கெடுத்துக்க முடியாது."

முதலாளி, டாக்டர், கண்ணாடி அண்ணன், சத்தம் கேட்டு வந்த மெக்கானிக்குகள் நாலு பேர், எல்லோரும் என்னைச் சுற்றி நின்று என் கையையே பார்த்தார்கள். யாராவது பார்த்தால் எனக்குக் கை நடுங்கும் என்று உங்களுக்குத் தெரியும். செய்முறைத் தேர்வில் தேர்வாளர் பக்கத்தில் வந்து நின்றதற்கே இரண்டு குடுவை உடைத்தவள் நான். ஆர்மைக் கொடுத்தார்கள். பிரஷ்ஷைத் தோய்த்தேன். சீக்கிரம் முடிந்தால் போதும், வீட்டுக்கு ஓடிவிடலாம் என்று ஒரே இழுப்பு. கை நடுங்கியதில் கோடு சாய்ந்தது, பிரஷ் ஒரு மயிரை விட்டுவிட்டுப் போனது, முடிவில் சொட்டு, சொட்டு, இன்னொரு சொட்டு. நாலாவது சொட்டு முதலாளியின் வெள்ளை ஷூவில் விழுந்தது. டாக்டர் கண்ணாடியை நீட்டி வெகுநேரம் பார்த்தார்.

"இதேதான்யா!" என்றார். "இதே அவசரம்! இதே அலட்சியம்!"

என் வாழ்க்கையில் நான் வாங்கிய பாராட்டுகளில் இதுதான் பெரியது மாமா.

நேற்று போட்டி. கோடு மட்டும் புதிதாகப் போட்டது என்று படிவத்தில் ஒளிக்காமல் எழுதியிருந்தோம். தொழிற்சாலை வழக்கப்படி இருக்கிறதா என்பதுதான் அங்கே கேள்வி. நடுவர் ஓர் அம்மா. அட்டையைத் தரையில் விரித்து, டார்ச்சோடு காருக்கு அடியில் நுழைந்தவர், இருபது நிமிஷம் வெளியே வரவில்லை. இரண்டு செருப்புக் கால்கள் மட்டும் தெரிந்தன. அந்தக் கால்களைப் பார்த்தபடியே டாக்டர் நகம் கடித்தார், முதலாளி டாக்டரைப் பார்த்தார், நான் காருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். வெளியே வந்த நடுவர் முழங்கையைத் தட்டிக்கொண்டே, "வலது பக்கக் கோடு பிரமாதம். அன்னிக்குத் தொழிற்சாலையில போட்டவனுக்கு வீட்டுக்குப் போற அவசரம் போல, அது இதுலயும் அப்படியே தெரியுது" என்றார். அடிப்பக்கத்துக்கு முழு மார்க். கோப்பை எங்கள் காருக்கு!

டாக்டர் கோப்பையைக் குழந்தையைத் தூக்குவது மாதிரி தூக்கிக்கொண்டார். முதலாளி என்னிடம் வந்து, திங்கட்கிழமையிலிருந்து நிரந்தரம் என்றார். அதோடு விடவில்லை, இதே மாடல் கார் இன்னும் மூன்று எங்கள் பட்டறையில் நிற்கின்றன, அவற்றுக்கும் வலது ஆர்மில் இதே மஞ்சள் கோடு நான்தான் போட வேண்டுமாம், எல்லோரும் சுற்றி நின்று பார்க்க ஏற்பாடு செய்துவிடுவாராம். ஆகவே மாமா, முதலாளி போன் செய்தால் எனக்காக நீங்கள் எதுவும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. "அப்படியா, ரொம்ப சந்தோஷம்" என்று மட்டும் சொல்லுங்கள். உங்கள் வாக்கு வீண்போகவில்லை. வேலையைப் பற்றி இனி யாருக்கும் கவலை வேண்டாம்.

அத்தைக்கு என் வணக்கங்கள். சின்னவர்களுக்கு முத்தங்கள். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடத்தை விட்டுவிடாதீர்கள்.

உங்கள் ஆசி என்றும் வேண்டும்,
உங்கள் அக்கா மகள்.

பின்குறிப்பு: மாமா, உறையை ஒட்டப் போகும்போது பல் டாக்டரின் மனைவி, டாக்டரம்மா, எங்கள் வீட்டுக்கு வந்தார். கோப்பையோடு எடுத்த போட்டோவைக் கொடுக்க வந்ததாகச் சொன்னார். அம்மா டீ போட உள்ளே போனதும் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, "நீ வாயே திறக்காத பொண்ணு, அதனால உங்கிட்ட சொல்றேன். அந்த மஞ்ச, தொழிற்சாலையும் இல்ல ஒண்ணும் இல்ல. எங்க வீட்டு ஜன்னல் கம்பிக்கு நான் பெயின்ட் அடிச்சப்ப பிரஷ் கை நழுவி விழுந்துடுச்சு. அன்னிக்கு வண்டியை ஜன்னலுக்குக் கீழ நிறுத்தி, சக்கரத்தைக் கழட்டி வெச்சிருந்தாரு. நேரா அந்த ஆர்ம் மேலயே போய் விழுந்துச்சும்மா" என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள ஆறு பேரைக் கூட்டிட்டு வந்து 'பார் அசல் முத்திரை'ன்னு காட்டிட்டு இருந்தாரு. அப்புறம் எப்படிச் சொல்றது?" என்றார். ஆக, மூன்று மணி நேரம் துடைத்து நான் வைத்த அந்த ஆர்ம்தான் தொழிற்சாலையிலிருந்து வந்த மாதிரி இருந்திருக்கிறது. கோப்பை வாங்கியது ஜன்னல் பெயின்ட்.

மூன்று கார்கள் காத்துக்கொண்டிருக்கின்றன, நான் சொல்லியே ஆக வேண்டும் என்றேன். யோசித்தார். "சரி சொல்லு. ஆனா அவருகிட்ட நாளைக்குச் சொல்லு, நான் காலையிலேயே என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடறேன்" என்றார். அவர் போனதும் முதலாளிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டு முடித்தார். பிறகு, "யாரும்மா பேசுறது?" என்றார். ஆறு மாதத்தில் என் குரலை அவர் சரியாகக் கேட்டதே இல்லை போலிருக்கிறது. நான்தான் என்று சொன்னேன். அப்புறம், "காலையில வந்து அந்தக் கோட்டை நீயே துடைச்சுடு. கோப்பையைத் திருப்பிக் குடுக்கணும்னு டாக்டர்கிட்டயும் நீயே போய்ச் சொல்லிடு. நிரந்தரம்னு சொன்னேன்ல, இதுவும் அந்த வேலைல சேர்த்திதான்" என்றார்.

டாக்டர் கையில் ஊசியோ குறடோ இல்லாத நேரம் எது என்று டாக்டரம்மாவிடம் போனில் கேட்டு வைத்திருக்கிறேன். மதியம் ஒன்றிலிருந்து ஒன்றரை வரை என்றார்.