வீடு என்பது யாதெனில்

எங்கள் மேல் சான் கிறிஸ்பின் நகராட்சி நெடுங்காலமாக ஒரு பெருங்குறையோடு இயங்கி வந்தது. தண்ணீர் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வரும், குப்பை வண்டி வந்தால் வரும். அதெல்லாம் குறையில் சேராது. கட்டட விதிகளில் பக்கத்துக்குப் பக்கம் “வீடு” என்ற சொல் வருகிறது, ஆனால் வீடு என்றால் என்ன என்று ஓர் இடத்திலும் சொல்லப்படவில்லை. இது தெரியாமலே நாங்கள் வீடுகளில் குடியிருந்து வந்தோம்.

தலைநகர் லிமாவிலிருந்து மாற்றலாகி வந்த பொறியாளர் லியோன்சியோ பர்ரேதாதான் இதைக் கண்டுபிடித்தார். உடம்பெல்லாம் பை வைத்த கையில்லாச் சட்டை போட்டிருப்பார். எந்தப் பையிலும் எதுவும் இருந்து நான் பார்த்ததில்லை. அவர் வந்த மாதமே மேயர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோரும் அந்த மாதிரிச் சட்டைக்கு மாறிவிட்டார்கள். பொறியாளர் பல வாரம் கதவைச் சாத்திக்கொண்டு வரையறை எழுதினார். நகராட்சிக்கு எதிரே நகலெடுக்கும் கடை வைத்திருப்பவள் நான். ஆகவே ஊரிலேயே முதலில் அதைப் படிக்கும் பாக்கியமும் எனக்கே வாய்த்தது.

“வீடு என்பது கட்டி முடிக்கப்பட்ட கட்டடம். கட்டி முடிக்கப்பட்டது என்பது, கூரைக்கு மேல் கம்பி எதுவும் நீட்டிக்கொண்டிராதது. கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் யாதொரு கட்டடமும் வீடோ, கடையோ, அலுவலகமோ ஆகாது, அது பணியிடம். மேற்படி வரையறை புதிதாக ஆக்கப்பட்டதன்று. என்றென்றும் இருந்துவந்த உண்மையே இப்போது எழுத்தில் வருகிறது.”

கடைசி வரி எதற்கென்றால், போன வருஷங்களுக்கும் சேர்த்து அபராதம் போடலாம் அல்லவா, அதற்கு.

எங்கள் ஊரில் கம்பி நீட்டாத கூரையே கிடையாது. கீழ்த்தளம் நமக்கு, அதற்கு மேல் மூத்த பிள்ளைக்கு, அதற்கும் மேல் அடுத்ததுக்கு. தூணுக்குத் தூண் கம்பியை ஆளுயரம் விட்டுவைத்து, துருப்பிடிக்காமல் இருக்க நுனியில் காலி பீர் பாட்டிலைக் கவிழ்த்துவிடுவோம். மலைக்காற்று அடித்தால் பாட்டிலெல்லாம் ஊதி, ஊரே சேர்ந்து ஊளையிடும். கம்பியை வெட்டிவிட்டால், எனக்குப் பிறகு யாரும் இங்கே குடியிருக்க வேண்டாம் என்று சொன்ன மாதிரி.

எங்கள் தெருவில் செராப்பியோ என்பவர் மட்டும் சட்டத்துக்குப் பயந்து வெட்டினார். மறுநாளே தெருப் பெண்கள் கறுப்புச் சால்வை போர்த்திக்கொண்டு, ரொட்டியும் மெல்லுவதற்குக் கோக்கா இலையும் எடுத்துக்கொண்டு துக்கம் கேட்கப் போனார்கள். “டாக்டர் எவ்வளவு நாள் சொல்லியிருக்காரு?” என்று ஒருத்தி அவர் மனைவியிடமே கேட்டாள். மகன்கள் இரண்டு பேரும் அப்பாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். மனிதர் ஊரிலேயே ஒரே சட்டபூர்வமான வீட்டில் தனியாக உட்கார்ந்து அழுதார்.

இதில் வசமாக மாட்டிக்கொண்டவள் என் தோழி எவுதோசியா. சந்தையில் கோழி சூப் விற்கிறவள். தங்கச் சுரங்கத்துக்குப் போன புருஷன் அப்படியே கம்பி நீட்டிவிட்டான்; அவளுக்கு மிஞ்சியது ஒரு மகளும் கூரைமேல் நிற்கிற கம்பியும்தான். மகள் நெலிதா பிறந்த வருஷம் விட்டுவைத்த கம்பி அது. நெலிதாவுக்கு ஞானத்தாய் நான். அவளுக்கும் மோட்டார் ரிக்‌ஷா ஓட்டும் வில்பெருக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாடி எழுப்பி அதில் அவர்களைக் குடிவைக்க வேண்டும். சூப்பில் அவள் சேர்த்த காசெல்லாம் செங்கல்லாக வாசலில் அடுக்கியிருந்தது.

அனுமதி கேட்க என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

“இன்ஜினியர் சார், மேலே ஒரு மாடி கட்டணும்.”

“மாடிக்கு அனுமதி வீடுகளுக்குத்தாம்மா. உங்களுது பணியிடம்.”

“அப்ப நான் என்ன சார் பண்ணட்டும்?”

“கம்பியை வெட்டிடுங்க. வீடாயிடும். வீடானதும் மாடிக்கு மனு குடுங்க, உடனே பார்க்கலாம்.”

“கம்பியை வெட்டிட்டா மாடியை எதுல சார் நிறுத்துறது?”

“அது கட்டுமானப் பிரிவு. நான் வரையறைப் பிரிவு.”

“கட்டுமானப் பிரிவு எங்க சார் இருக்கு?”

“இன்னும் வரையறுக்கலை.” பொறியாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். “ஆமா, பணியிடத்துல குடியிருக்கீங்களே, தலைக்கவசம் போடுறீங்களா?”

“சூப்பு காய்ச்சும்போதா?”

“தூங்கும்போதும்.”

அன்றிலிருந்து ஊரே தலைக்கவசத்துக்கு மாறியது. அதைப் போடாமல் சொந்த அடுப்படியில் நிற்பது குற்றம். தற்செயலாக மேயரின் மைத்துனர் அதே வாரம் தலைக்கவசக் கடை திறந்தார். முதலில் முணுமுணுத்தோம். பிறகு யாரோ ஒருத்தி தன்னுடையதில் கம்பளி நூலால் காதுமூடி பின்னி மாட்டினாள். இன்னொருத்தி ஜிகினா ஒட்டினாள். அதற்கப்புறம் கடையில் வாங்கிய வெறும் மஞ்சளிலேயே போட்டால் கேவலம் என்றாகிவிட்டது. பாதிரியார் ஞாயிற்றுக்கிழமை பூசையில் தலைக்கவசங்களுக்குத் தீர்த்தம் தெளித்தார். சட்டப்படி தேவையே இல்லாத செராப்பியோகூட வெட்கம் தாங்காமல் ஒன்று வாங்கிக்கொண்டார்.

எவுதோசியா மட்டும் இதில் எதையும் ரசிக்கவில்லை. தினமும் சந்தை முடிந்ததும் நகராட்சிக்குப் போவாள், தினமும் அதே பதிலோடு வருவாள். செங்கல் மழையில் நனைந்துகொண்டிருந்தது.

கல்யாண நாளும் வந்தது. நகராட்சிக் கூடத்தில் மேயர்தான் நடத்திவைப்பார். எங்கள் ஊர்க் கல்யாணம் எல்லாமே அங்கேதான். நெலிதா வெள்ளைத் தலைக்கவசத்துக்கு மேல் முக்காடு போட்டிருந்தாள். அழகாகத்தான் இருந்தது. பொறியாளர் எழுந்து தொண்டையைச் செருமினார்.

“இது அலுவலகம். எல்லாரும் தலைக்கவசத்தைக் கழட்டுங்க. ஒரு மரியாதை வேணாமா?”

நாங்கள் கழற்றினோம். அந்த நேரம் பார்த்து மலைக்காற்று அடித்தது. தலைக்கு மேலே நீளமாக ஓர் ஊளை கேட்டது. எவுதோசியா அண்ணாந்து பார்த்தாள்.

“சார், மேலே ஊதுறது என்ன?”

பதிலுக்குக் காத்திராமல் வெளியே ஓடினாள். பின்னாலேயே நாங்கள் எல்லோரும். நகராட்சிக் கூரையில் தூணுக்குத் தூண் கம்பி, கம்பிக்குக் கம்பி பாட்டில். ஒவ்வொரு மேயரும் இன்னொரு மாடி கட்டுவேன் என்று சொல்லித்தானே ஓட்டு வாங்கினார்கள்.

“இதுவும் பணியிடம்தானே சார்?” என்றாள் எவுதோசியா. “அப்ப இங்க உக்காந்து நீங்க எழுதுன விதி?”

பொறியாளர் நேர்மையானவர். வெகுநேரம் யோசித்துவிட்டு, “செல்லாது” என்றார்.

அப்போது எழுந்த கூச்சலில் புறாக்கள் பறந்தன. தலைக்கவசங்களை வானத்தில் வீசினோம். என் புருஷன் ஹசிந்தோ என்னைத் தூக்கிச் சுற்றினார். அப்போதுதான் பதிவாளர் மெல்லிய குரலில் கேட்டார்:

“அப்படின்னா இங்க நடந்த கல்யாணங்கள்?”

ஹசிந்தோ என்னைக் கீழே இறக்கினார். என்றென்றும் இருந்துவந்த உண்மை என்று முதலிலேயே எழுதியிருக்கிறதே. அப்படியானால் இந்தக் கூடம் ஒருநாளும் அலுவலகமாக இருந்ததே இல்லை. நகராட்சி வாசலில் நின்ற அத்தனை தம்பதிகளும் சட்டப்படி வெறும் தெரிந்தவர்கள்.

மேயர் படியில் ஏறி நின்றார். “பெருமக்களே, பதற்றம் வேண்டாம். விதியை ரத்து செய்கிறேன். ஆனால் பணியிடத்தில் நின்று ரத்து செய்தால் அந்த ரத்தும் செல்லாது. முதலில் கம்பியை வெட்டி இதை அலுவலகம் ஆக்குவோம். கல்யாணங்கள் பிழைக்கும். மறு நிமிடமே ரத்து!”

“வெட்டாதீங்க!” எவுதோசியா குறுக்கே போய் நின்றாள். “வெட்டிட்டா விதி செல்லுபடியாயிடும், புரியலையா? அப்புறம் இவங்க எதுக்கு ரத்து பண்ணப்போறாங்க? ரெண்டு நாள் கல்யாணம் ஆகாதவங்களா இருந்தா செத்தா போயிடுவீங்க? சர்ச்சுல ஒருதரம் மோதிரம் மாத்திக்குங்க!”

“உனக்கென்னடி, உன் புருஷன் ஓடிட்டான்” என்று கூட்டத்தில் ஒருத்தி கத்தினாள். “எங்களுது இன்னும் இருக்கு!”

மேயர் கை தூக்கச் சொன்னார். வெட்ட வேண்டாம் என்று எவுதோசியா கை தூக்கினாள். அங்கங்கே சில ஆண்களும் தூக்கினார்கள். பக்கத்தில் நின்ற மனைவிமார் கையைப் பிடித்துக் கீழே இழுத்தார்கள். ஹசிந்தோவின் கையை இழுத்தது நான்.

ஏணி வந்தது. ரம்பம் வந்தது. அரை மணியில் நகராட்சிக் கூரை மொட்டையானது. பாட்டில்கள் உடைந்தன. மேயர் பொறியாளர் பக்கம் திரும்பினார்.

“ம், ரத்து பண்ணுங்க.”

“எதை சார்?”

“விதியை.”

“செல்லாத விதியைத்தான் சார் ரத்து பண்ணணும்னு பேச்சு. இது இப்ப முழுசாச் செல்லுபடியாகுற விதி. இதுல என்ன குறை?”

மேயர் சிறிது நேரம் தேடிப் பார்த்தார். அவருக்கும் குறை எதுவும் தெரியவில்லை. மைத்துனரின் கடை நினைவுக்கு வந்திருக்கும். நாங்கள் தரையில் கிடந்த தலைக்கவசங்களை, யாருடையது எது என்று பொறுக்கிக்கொண்டோம்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அதற்கப்புறம் எவுதோசியா என்னிடம் வந்தாள். அழுகிறாளோ என்று பார்த்தேன், இல்லை.

“உன் கல்யாணம் பத்திரமாடி?”

“பத்திரம்” என்றேன், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

“நல்லா இரு. ஞானத்தாய்தானே நீ? எனக்கு மாடி கட்ட அனுமதி கிடைக்கிற வரைக்கும் எம்பொண்ணும் மாப்பிள்ளையும் உன் வீட்டு உள்ளறையில இருக்கட்டும்.”

மறுக்க எந்த வாயால் மறுப்பது? அன்று மாலையே நெலிதாவும் வில்பெரும் கட்டிலோடு வந்து சேர்ந்தார்கள். நானும் ஹசிந்தோவும் வீட்டு முன்பக்கம் இருக்கிற கடையில், நகல் இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே படுக்கிறோம். தலைக்கவசத்தோடு புரண்டு படுத்தால் ஒன்றோடொன்று முட்டுகிறது. இரண்டு பேரும் இப்போது பேசிக்கொள்வதில்லை. ஆனால் நாங்கள் சட்டப்படி கணவன் மனைவி. அதில் யாரும் குறை சொல்ல முடியாது.